கப்பல் பில்லில் ஒரு கிராஜுவிட்டி

2025 மே மாதம் பிள்ளைகளின் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு கப்பல் பயணம் போய் வந்தோம். அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர். திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர். அங்கிருந்து நான்கு இரவு கப்பலில் பினாங், புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் எழுத வந்தது அந்தக் கம்பெனியைப் பற்றி அல்ல, பில்லில் இருந்த ஒரு சொல்லைப் பற்றி.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஏஜெண்ட் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஸ்ரீரங்கம் வீட்டில் அதை பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் திருவெறும்பூர் பெல்லில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை பென்சிலோடுதான் படிப்பார். கேபின் கட்டணம், துறைமுகக் கட்டணமும் வரிகளும் என்று இறங்கி வந்த பென்சில், மூன்றாவது வரியில் நின்றது.

"டேய், கிராஜுவிட்டின்னு போட்டிருக்கான். நாம கப்பல்ல வேலையா பார்க்கப்போறோம்?"

"அது இல்லப்பா, டிப்ஸ். அங்க அப்படித்தான் சொல்வாங்க."

"டிப்ஸை எவனாவது முன்னாடியே பில்லு போட்டு வாங்குவானா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஆளுக்கு 18 டாலர். குழந்தைக்கும் அதே 18. ஆறு பேர், நான்கு இரவு, மொத்தம் 432 டாலர். அன்றைய மதிப்பில் 37 ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அன்று ராத்திரி ஆரம்பித்த தேடல் இந்தக் கட்டுரை வரை வந்துவிட்டது.

முதலில் அந்தச் சொல். நம் ஊரில் கிராஜுவிட்டி என்றால் பணிக்கொடை. ஓய்வு பெறும்போதோ, குறைந்தது ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு விலகும்போதோ முதலாளி கொடுக்கவேண்டிய தொகை. ஆங்கிலத்தில் இதே சொல்லுக்கு டிப்ஸ் என்றும் பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மனமுவந்து, கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல். அதாவது ஆரம்பத்தில் இரண்டுமே கொடுப்பவர் இஷ்டம். தந்தால் வாங்கிக்கொள்ளலாம், தராவிட்டால் கேட்க முடியாது.

இந்தியாவிலும் வெகுகாலம் பணிக்கொடை அப்படித்தான் இருந்தது. நல்ல முதலாளி கொடுப்பார், மற்றவர் கை குலுக்கி மாலை போட்டு அனுப்பிவிடுவார். தொழிற்சங்கங்கள் நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் பல வருடம் வாதாடிய பிறகுதான் இது உரிமையாக மாறியது. கேரளம் 1970-லும் மேற்கு வங்கம் 1971-லும் தனித்தனியாகச் சட்டம் கொண்டுவர, 1972-ல் நாடு முழுவதற்குமான பணிக்கொடைச் சட்டம் வந்தது. அப்பா வேலையில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம்.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான கொடை. மாதத்தில் 26 வேலை நாள், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது அடிப்படை. 26,000 ரூபாய் வாங்குகிறவர் முப்பது வருடம் வேலை பார்த்திருந்தால் 15,000 பெருக்கல் 30, அதாவது நாலரை லட்சம். 1972-ஆம் வருடச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் இந்தப் பதினைந்து நாள் அடிப்படை அப்படியே இருக்கிறது. இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான முதல் தவணையே அப்பாவின் கிராஜுவிட்டிதான்.

கப்பலில் அதே சொல் நேர் எதிர் திசையில் போயிருக்கிறது. இஷ்டப்பட்டுக் கொடுத்தது கட்டாயம் போல ஆனது அங்கேயும்தான். ஆனால் கொடுக்கவேண்டியவர் மாறிவிட்டார். இங்கே அன்பளிப்பு முதலாளியின் கடமையானது. அங்கே முதலாளியின் கடமையில் ஒரு பகுதி பயணியின் அன்பளிப்பானது.

இது எப்படி நடந்தது என்று தேடினால் கதை கடலில் ஆரம்பிக்கவில்லை, ரயிலில் ஆரம்பிக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மேன் கம்பெனி தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை பார்க்க, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. சம்பளம் மிகக் குறைவு. மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் போர்ட்டர்கள் 1925-ல் சங்கம் அமைத்து, 1937-ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. கடைக்காரர் தரவேண்டிய கூலியை வாடிக்கையாளர் தலையில் கட்டலாம் என்ற யோசனையை அமெரிக்காவில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது இந்த ரயில் பெட்டிகள்தான்.

கப்பல்களில் முன்பு கவர் வழக்கம். கடைசி இரவு கேபின் பணியாளருக்கு ஒன்று, சாப்பாட்டு மேசையில் பரிமாறியவருக்கு ஒன்று, அவர் உதவியாளருக்கு ஒன்று. தினமும் அதே மேசை, அதே பரிமாறுபவர் என்பதால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியும். 2000 வாக்கில் நார்வீஜியன் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. பரிமாறுபவர் தினமும் மாறினால் கவரை யாரிடம் நீட்டுவது? அதனால் கவர் போய், ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறும் முறை வந்தது. 2013-ல் ராயல் கரீபியனும் இதற்கு மாறியது. இன்று பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண கேபினுக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 16 முதல் 20 டாலர், பெரிய அறை எடுத்தால் இன்னும் கொஞ்சம் மேலே.

சட்டப்படி இது "விருப்பத்தின் பேரில்". பல கம்பெனிகளில் கப்பலின் விருந்தினர் கவுண்டரில் போய்ச் சொன்னால் குறைப்பார்கள், எடுத்தும்விடுவார்கள். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். எதையும் கட்டாயமாக்க வேண்டியதில்லை, டீஃபால்ட்டாக வைத்தால் போதும். நூற்றில் எத்தனை பேர் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கிறோம்?

தனியாகப் பில் போடுவதில் கம்பெனிக்கு இன்னொரு லாபமும் உண்டு. விளம்பரத்தில் வரும் தொகை சிறியதாகத் தெரியும். ஒரு காலத்தில் துறைமுகக் கட்டணம் என்ற வரியிலேயே இந்த விளையாட்டு நடந்தது. துறைமுகத்துக்குப் போகாத பணத்தையும் அந்தப் பெயரில் வசூலித்தார்கள். 1997-ல் ஃப்ளோரிடா மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்டுக் கப்பல் கம்பெனிகளோடு உடன்பாடு செய்தார்: அரசுக்கோ துறைமுகத்துக்கோ உண்மையிலேயே கட்டும் பணத்தை மட்டுமே தனியாகக் காட்டலாம், மற்றது விலைக்குள் வரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்த தொகையையே விளம்பரத்தில் காட்டுகிறார்கள். கிராஜுவிட்டி மட்டும் இன்னமும் வெளியே நிற்கிறது. விருப்பத்தின் பேரில் கொடுப்பது விலையாகாது அல்லவா! பிரிட்டனின் பி அண்ட் ஓ கம்பெனி 2019-ல் டிப்ஸை எடுத்துவிட்டுக் கட்டணத்துக்குள் சேர்த்துவிட்டது. ஆக, முடியாத காரியம் இல்லை.

நம் நாட்டில் ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாங்கள் கப்பல் ஏறுவதற்கு இரண்டே மாதம் முன்பு. அந்தத் தீர்ப்பைப் படித்த உற்சாகத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன்: கடைசி நாள் கவுண்டரில் போய் இந்த 432 டாலரை எடுக்கச் சொல்லிவிடுவது. எனக்குப் பிடித்த ஒருவருக்குக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சேமிக்கலாம் என்று கணக்கு. அதனால் முன்கூட்டியே கட்டாமல், கப்பல் கணக்கிலேயே ஏறட்டும் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை. "நீங்க சண்டை போடுங்க, நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு இறங்கிடறேன்" என்றாள்.

கப்பலில் மற்ற செலவுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். பெரிய சாப்பாட்டுக் கூடத்திலும் பஃபேயிலும் சாப்பாடு, தண்ணீர், சாதா காபி, டீ எல்லாம் கட்டணத்தில் அடக்கம். கோலா, மதுவகை, தனி உணவகங்கள், வைஃபை, புகைப்படம், கரையில் சுற்றிப்பார்க்கும் பஸ் எல்லாம் தனி. விற்கும் பானம் எதிலும் 18 முதல் 20 சதவீதம் சேவைத் தொகை தானாகச் சேரும். எங்கள் அம்மா பஃபே காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "கழனித்தண்ணி" என்று வைத்துவிட்டார். நாலாவது மாடி காபிக் கடையில் வாசனை நன்றாக இருந்ததால் பேத்தியோடு போய் ஒன்று வாங்கினார். விலை நாலரை டாலர், அதோடு 18 சதவீதம், மொத்தம் 5 டாலர் 31 செண்ட். கையெழுத்துப் போடக் கொடுத்த சீட்டில் மொத்தத்துக்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. அம்மா அங்கே மொத்தத் தொகையைத்தான் எழுதவேண்டும் என்று நினைத்து, அழகாக 5.31 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது கூடுதல் டிப்ஸுக்கான கோடு! ஒரு காபிக்கு 10 டாலர் 62 செண்ட். 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சீட்டில் அந்தக் கோட்டைக் குறுக்கே அடித்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு. கார்டு மெஷினில் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மெஷின்காரர் வைத்த மாற்று விலை விழும், பெரும்பாலும் அதிகம். நம் வங்கியின் மாற்றுக் கட்டணம் மூன்றரை சதவீதம் என்றால் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து நாலு சதவீதத்துக்கு மேல் போகும். 37 ஆயிரத்துக்கு 1,500 ரூபாய். அடுத்தது, வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜாக இங்கே ஏஜெண்டிடம் வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள், எங்களுக்கு 5 சதவீதம். இது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை கைப்பணம் முடங்கும்.

இரண்டாம் நாள்தான் எங்கள் கேபின்களைப் பார்த்துக்கொண்ட தம்பி தமிழில் பேச ஆரம்பித்தார். நாகப்பட்டினம் பக்கம். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்கு வந்து எட்டாவது காண்ட்ராக்ட். அம்மா பேத்தியிடம் எதற்கோ கோபித்துக்கொண்டது கதவுக்கு வெளியே கேட்டிருக்கிறது. "ஊர்ல எங்கம்மா கத்தற மாதிரியே இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அதன்பின் எங்கள் அறைக்குத் துண்டு மடித்து யானை, குரங்கு என்று தினம் ஒன்று வர ஆரம்பித்தது.

அப்பா அவரைச் சும்மா விடுவாரா? எத்தனை மணி நேரம் வேலை, வாரவிடுமுறை உண்டா, பி.எஃப். உண்டா என்று பெல் யூனியன் ஆபீஸ் பாணியில் விசாரணை. காண்ட்ராக்ட் ஏழு மாதம், அதில் முழுநாள் விடுமுறை என்று ஒன்று கிடையாது என்றார். பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2006-ல் எழுதி 2013-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2015-ல் ஏற்றது. அதன்படி ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. உச்சவரம்பே 72 என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். பெல்லில் வாரத்துக்கு 48. பெரும்பாலான பயணக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா மாதிரி நாடுகளில் பதிவாகியிருக்கும். பயணி அமெரிக்கர், கம்பெனி மயாமியில், பணியாளர் நாகப்பட்டினம், கொடி மட்டும் பஹாமாஸ். எந்த நாட்டுச் சம்பளச் சட்டம் பொருந்தும் என்பதைக் கொடிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

"சம்பளம் எவ்வளவுன்னு கேக்கலாமா தம்பி?"

"தொகை வேணாம் அங்கிள். அக்ரிமெண்ட்ல மாசத்துக்கு இவ்வளவுன்னு எழுதியிருக்கும். ஆனா அதுல கம்பெனி குடுக்கறது கொஞ்சம்தான். பெரும்பங்கு நீங்க கட்டற டிப்ஸ் பூல்ல இருந்து வருது. ரூம்காரங்களுக்கு, டைனிங்காரங்களுக்கு, உள்ள பாத்திரம் கழுவறவங்களுக்குன்னு பிரிப்பாங்க."

"யாராவது கவுண்டர்ல போய் எடுத்துட்டா?"

"அந்த அளவுக்குப் பூல் கொறையும்." கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா விடவில்லை. "சரி, ரிட்டயர் ஆகும்போது கிராஜுவிட்டி உண்டா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒவ்வொரு காண்ட்ராக்டும் புதுசு அங்கிள். இதுக்கு ஏது சர்வீஸ் கணக்கு? நீங்க கட்டறீங்களே, இதுதான் அங்கிள் எங்க கிராஜுவிட்டி."

அன்று ராத்திரி எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் என் மகனுக்கு முதல் மொட்டை போட்டபோது டிக்கெட் வாங்கி நீட்டினேன். மொட்டை போட்டவர் டிக்கெட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சந்தோஷமா ஏதாவது குடுங்க சார்" என்றார். டிக்கெட்தான் வாங்கியாச்சே என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு. 2021 செப்டம்பரில் தமிழக அரசு அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்து, மொட்டை போடும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. அப்போதுதான் அதற்கு முன்பு அவர்கள் எதை வைத்துக் குடும்பம் நடத்தினார்கள் என்ற கேள்வியே எனக்கு வந்தது. டிக்கெட்டில் ஒரு பங்கு, மிச்சம் "சந்தோஷம்". சம்பளம் இல்லாத வேலையில் சந்தோஷம்தான் சம்பளம்.

அர்ச்சகர் தட்டுக்காசு விஷயமும் இதே ரகம்தான். 2025 பிப்ரவரியில் மதுரை நேதாஜி சாலை தண்டாயுதபாணி கோயிலில் தட்டுக்காசை உண்டியலில் சேர்க்கவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வாரம் இதுதான் பேச்சு. தட்டில் போட்டது அர்ச்சகருக்கா, கோயிலுக்கா? போட்டவர் மனதில் யாரை நினைத்துப் போட்டார் என்பது ஒரு கேள்வி. அந்தக் காசு இல்லாவிட்டால் அர்ச்சகர் வீட்டில் என்ன நடக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதல் கேள்வியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம்.

நான் படித்த தீர்ப்புக்கும் இந்தக் கப்பலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஹோட்டலில் சேவைக் கட்டணத்தை எடுத்தாலும் பணியாளருக்குச் சம்பளம் தரவேண்டிய முதலாளி இங்கேயே, நம் சட்டத்துக்குள் இருக்கிறார். கப்பலில் அந்த வரியை நான் அடித்தால் கம்பெனிக்கு வலிக்காது. பூலில் கை வைத்ததாகத்தான் ஆகும். இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் சம்மதமில்லை. 18 டாலரைக் கட்டணத்தோடு சேர்த்து, அக்ரிமெண்டில் சம்பளம் என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன குறை? விளம்பரத்தில் எண் கொஞ்சம் பெரியதாகத் தெரியும், அவ்வளவுதான். ஊருக்கு வந்தபின் இதை அப்படியே எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஆனால் கடைசி நாள் காலை நான் கவுண்டர் வரிசையில் நின்றது உண்மை. முந்தின ராத்திரி எடுத்த முடிவு வேறு, காலையில் பில்லில் 432 டாலரைப் பார்த்ததும் வந்த வேகம் வேறு. முன்னால் எட்டுப் பேர். அப்பா லிஃப்டிலிருந்து இறங்கி நேராக வந்தார்.

"எதுக்கு நிக்கறே?"

"பில்லுல ஒரு கரெக்‌ஷன்."

"எது?"

நான் பேசவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பென்சில் இல்லை, விரலால் ஒவ்வொரு வரியாக வந்தார். அந்த வரியிலும் நின்றது.

"என் கிராஜுவிட்டி செட்டில்மெண்ட் அன்னிக்கு எவனாவது கவுண்டர்ல வந்து, இதை எடுத்துடுங்கன்னு சொல்லியிருந்தா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு விரல் இன்னும் கீழே இறங்கியது. "ஆமா, காபிக்கு எதுக்கு ரெண்டு தடவை அஞ்சு டாலர்?"

என் முறை வந்ததும் அந்தக் காபிச் சீட்டை நீட்டி நடந்ததைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே 5 டாலர் 31 செண்டைத் திருப்பிப் போட்டார். வேறு ஏதாவது மாற்றவேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.